வீடில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் ஆள் வேண்டும்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் சில பெயர்களுக்கு 'உள்ளேன் ஐயா' என்ற பதில் வராது. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருக்கும். சூளைக்குப் போனவர்கள் ஊர் திரும்ப ஆனி, ஆடி ஆகிவிடும். அதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்து அடுத்த கல்வியாண்டே தொடங்கியிருக்கும். தலித், இருளர் பிள்ளைகள் பலரின் படிப்பு இப்படித்தான் அறுந்துபோகிறது.

பதிவேடு இவர்களை 'இடைநின்றவர்கள்' என்கிறது. நாம் 'வீடற்ற மாணவர்கள்' என்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்களாகக் கணக்கிட்டது. தெருவோரம், பாலத்தடி, ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் படுத்துறங்குவோர் அவர்கள். சூளையில் கல்லை அடுக்கி, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டு, குனிந்து நுழைகிற குடிசையில் வாழ்பவர்களைப் பொதுவாக யாரும் வீடற்றவர்களாக நினைப்பதில்லை. பருவம் முடிந்தால் அந்தக் குடிசையும் இருக்காது. ஊருக்குத் திரும்பினால் பலருக்கு ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாத ஒரு குடிசை. அதையும் எப்போது அகற்றச் சொல்வார்களோ தெரியாது. போன இடத்திலும் முகவரி இல்லை, பிறந்த இடத்திலும் முகவரி இல்லை.

இது விதியால் வந்ததல்ல. நிலம் இல்லாததால் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892-இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ கைமாறிப் போயின. காணி இல்லாதவரை முன்பணம் எளிதில் கட்டிப்போடுகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கடனை அடைக்கக் குடும்பமே கல் அறுக்கிறது. அறுத்த கல்லைத் திருப்பிக் காயவைக்கும் வேலை பிள்ளையின் கைக்கு வருகிறது.

இப்பிள்ளைகளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

திட்டங்களும் உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதி, கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா, உண்டு உறைவிடப் பயிற்சி மையம், கல்வி உதவித்தொகை, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று பட்டியல் நீளம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. எட்டாம் வகுப்போடு சூளைக்குப் போய்விட்ட பெண்ணுக்கு அந்த ஆயிரம் எட்டாது.

அப்படியானால் எங்கே அறுகிறது? விடுதிக்கு ஓர் அலுவலகம், சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம், ஆதார் திருத்தத்துக்கு இன்னோரிடம், வங்கிக் கணக்குக்கு வேறோரிடம். ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பெரியாத தாயால் எத்தனை வாசல் ஏற முடியும்? ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையை முழுதாகப் பார்க்கிற ஆள் எங்கும் இல்லை.

அந்த ஆளைப் பள்ளியில் வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்குப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாளர். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களோடு, இதைத்தான் செய்கிறது. நிலையான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாத எந்தப் பிள்ளையும் அங்கே வீடற்ற மாணவர்தான். வீடிழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அதில் அடக்கம். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இவர்களுக்கென ஒரு தொடர்பாளரை நியமித்தாக வேண்டும். காகிதம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்து தர வேண்டும். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் 'இது யார் வேலை?' என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. இங்கே அந்த விடைதான் இல்லை.

நம் ஊரில் இதை எப்படிச் செய்யலாம்? மார்கழியிலேயே, குடும்பங்கள் வண்டி ஏறுவதற்கு முன், யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், மேஸ்திரியின் கைப்பேசி எண் என்ன என்று பொறுப்பாளர் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை ஊரிலேயே விட்டுச் செல்ல வீட்டார் இசைந்தால் விடுதியில் இடம் வாங்கித் தர வேண்டும். கோடையில் விடுதி மூடினால் பிள்ளை எங்கே தங்கும் என்பதற்கும் அப்போதே வழி காண வேண்டும். கூட்டிச் செல்வதானால் எமிஸ் எண்ணை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, சூளைக்கு அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். ஆண்டுத் தேர்வை இருக்கிற ஊரிலேயே எழுத ஏற்பாடு வேண்டும். குடும்பம் திரும்பியதும் விட்டுப்போன பாடத்தையும் சான்றிதழையும் சரிசெய்ய வேண்டும்.

ஆசிரியர்கள் ஏற்கெனவே பதிவேற்ற வேலைகளில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இதையும் சுமத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒன்றியத்துக்குச் சிலரையாவது இதற்கெனவே சம்பளத்தில் நியமிக்கச் சொல்கிறோம். காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்கள் உண்டு. எந்த வீடு எப்போது பூட்டப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை அமர்த்தினால் வேலையும் நடக்கும், அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை அமையும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கோப்பு பிள்ளையைக் காக்க உருவாவது. அடையாளம் குத்த அல்ல. 'சூளைக்காரப் பிள்ளைங்க எழுந்து நில்லுங்க' என்று வகுப்பில் ஒரு முறை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை மறுநாள் வராது. சாதிப் பெயர் சொல்லிச் சான்றிதழ் கேட்பதும் அப்படித்தான். பேச வேண்டியதைத் தனியே, மெல்லிய குரலில் பேச வேண்டும்.

படிக்க வரும் பிள்ளைக்கு முதலில் தங்க இடம் வேண்டும் என்பதை அண்ணல் அம்பேத்கர் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். 1924-இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் தர வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் நம் பெற்றோர் ஒரே ஒரு கேள்வியை எழுப்பட்டும்: 'தையில் ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளியில் யார் பொறுப்பு?' விடையாக ஒரு பெயரைக் கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். மாணவத் தம்பி, தங்கைகளே, உங்கள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியானால் அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேர்வு முடிந்த பிறகு தேடினால் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு போயிருக்கும்.