"ஐஸ் மீனா?" என்று முகம் சுளிக்கிறோமே



கரையில் போட் வந்து நின்றதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "பச்சை மீனா, ஐஸ் மீனா?" ஐஸ் என்றால் முகம் சுருங்கிவிடும். ஐஸ் மீன் என்றால் பழைய மீன், நாலு நாள் பெட்டியில் கிடந்த மீன் என்று நம் மண்டையில் ஏறிவிட்டது. இந்த ஒரு நினைப்பால் முள்ளிக்குளத்துத் தொழிலாளியின் வயிற்றிலும் அடிக்கிறோம், நம் வீட்டுச் சட்டியையும் கெடுத்துக்கொள்கிறோம்.

நம் பக்கத்துக் கடல்தண்ணியே 28, 29 பாகை. வலையில் செத்த மீனின் உடம்பும் அதே சூடுதான். போட்டுக்குள் வெறும் பலகையில் கிடந்து, வெயில் ஏறி, கரைக்கு வந்து, ஏலம் முடிந்து நம் கைக்கு வரும்போது அது "பச்சை மீன்". உண்மையில் அந்த நேரம் முழுக்க அது கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 0 பாகையில் வைத்த மீனை விட 10 பாகையில் வைத்த மீன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகப் பழுதாகும். 30 பாகையில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சூரை சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடித்தால் "சூரை ஒத்துக்கொள்ளல்ல" என்கிறோம். பல நேரம் குற்றம் சூரையில் இல்லை. சூட்டில் கிடந்த சூரை, கும்பளா போன்ற மீன்களில் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அது உண்டாகாமல் பார்க்க ஒரே வழி, பிடித்த உடனே குளிர வைப்பதுதான்.

வகுப்பில் மறைவெப்பம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே கூத்து. ஐஸ் போட்ட பாத்திரத்தில் வெப்பமானியை வைத்துக் கலக்குவோம். ஐஸ் கரைகிறது, ஆனால் வெப்பமானி 0ஐ விட்டு அசையாது. "சேர், இது பழுதாப் போச்சு" என்று பின்வாங்கில் இருந்து குரல் வரும். பழுதில்லை. உள்ளே வருகிற வெப்பமெல்லாம் ஐஸைத் தண்ணியாக்கவே செலவாகிறது. 1 கிலோ ஐஸ் கரைய 334 கிலோயூல் வேண்டும். அதே 1 கிலோ குளிர்தண்ணி 0இல் இருந்து 30க்கு ஏறினாலும் 126 கிலோயூல்தான் இழுக்கும். ஆக, ஐஸ் கரைவது நட்டமில்லை. மீனின் சூட்டை வாங்கத்தான் அது கரைகிறது.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ மீனை 30இல் இருந்து 0க்கு இறக்க 32 கிலோ ஐஸ் அளவு போதும். அது கடதாசிக் கணக்கு. வெயிலும் காற்றும் மூடி சரியாகப் பொருந்தாத ரெஜிபோம் பெட்டியும் தங்கள் பங்கை எடுக்கும். அதனால்தான் நம்மைப் போன்ற சூடான நாடுகளுக்கு மீனுக்குச் சமமாக ஐஸ் என்று சொல்கிறார்கள்.

போடுகிற விதமும் முக்கியம். பெரிய கட்டியை அப்படியே வைத்தால் அது நாலு மீனைத்தான் தொடும், மிச்சம் காற்று. நொறுக்கிப் போட்டு, ஆழக்கடலில் அள்ளிய சுத்தமான தண்ணி கொஞ்சம் ஊற்றினால் அந்தக் கூழ் ஒவ்வொரு மீனையும் சுற்றிப் பிடிக்கும். தடிப்பு இரண்டு மடங்கானால் நடுவரை குளிர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் எடுக்கும். சூடைக்கு மேலால் போட்டால் போதும், அறுக்குளாவுக்கு வயிற்றுக்குள்ளும் திணிக்க வேண்டும். கரைக்கு வந்த பிறகு அந்த இரத்தத் தண்ணியை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட வேண்டும். "ஐஸ் வைத்தால் ருசி போகும்" என்பது அந்த அழுக்குத் தண்ணியில் நாள்கணக்கில் ஊறிய மீனைச் சாப்பிட்டவர்களின் பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இதெல்லாம் தொழிலாளிக்குத் தெரியாததா? நம்மை விட நன்றாகத் தெரியும். ஆனால் ஐஸ் காசு அவர் கையில் இருந்து போகிறது. கரையில் ஐஸ் போட்ட மீனுக்கும் போடாத மீனுக்கும் ஒரே விலை. சில நேரம் ஐஸ் மீனுக்கு விலை குறைவு! பிறகு எதற்கு அவர் ஐஸ் தூக்கிப் போக வேண்டும்? 2007இல் இடம்பெயர்ந்து, 2017இல் தெருவோரம் இருந்து காணிக்காகப் போராடிய மக்கள் அவர்கள். 1990ஐக் கண்ட நமக்கு அந்த நிலை விளங்காததல்ல. அவர்களுக்கு ஒரு பெட்டி மீன் இரண்டாம் தரமாகப் போவது சின்ன விஷயமில்லை.

வியாபாரம் செய்யும் நம் நானாமாரிடம் ஒன்று கேட்கிறோம். கொழும்பு லொறிக்கு ஏற்றும்போது நீங்களே ஐஸ் அடித்துத்தானே அனுப்புகிறீர்கள்? கடலிலேயே ஐஸ் கண்ட மீனுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். உங்களுக்குக் கழிவு குறையும்.

வீட்டுக்கு வாங்குகிற நாமும் கேள்வியை மாற்றுவோம். வரும் வெள்ளி காலையில் கரைக்குப் போனால் "ஐஸ் மீனா?" என்று கேட்காமல், "அண்ணே, எத்தனை மணிக்கு ஐஸ் போட்டீங்க?" என்று கேட்போம். "வலை இழுத்த உடனே" என்றால், விலை பேசாமல் வாங்குவோம்.