கியர் பாக்ஸும் சித்தியின் பவுடர் டப்பாவும்

இந்தப் பகுதியில் இதுவரை பைக், ஸ்கூட்டர், கார் என்றுதான் பேசியிருக்கிறோம். இந்த வாரம் லாரி. காரணம், என் சித்தப்பா.

நாமக்கல்லில் ஒரே ஒரு ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறார். ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். வண்டிக்கு வயது 20-ஐத் தாண்டிவிட்டது. "கியர் பாக்ஸ்ல ஆயில் ஒழுகுதுடா. பட்டறையில முழுசா இறக்கிப் பார்க்கணும்ங்கறாங்க. 18,000 ரூபாயாம். மூணு நாள் வண்டி நிக்கணுமாம்" என்று போனில் புலம்பினார். மூன்று நாள் நின்றால் பேசி வைத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். ஃபைனான்ஸ் டியூ மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை சித்தப்பா வரவழைத்திருந்தார். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் டயர்களுக்குக் கட்டை வைக்கச் சொன்னார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாதாம். பிறகு தரையில் சொட்டியிருந்த ஆயிலைத் தொட்டு மோந்து பார்த்தார். "கண்ணு, மொதல்ல இது என்ன ஆயில்னு தெரியணும்."

டீசல் வண்டியின் இன்ஜின் ஆயில் கன்னங்கரேல் என்றிருக்கும். கியர் ஆயில் அதைவிடப் பிசுபிசுப்பு. அதில் கந்தகம் கலந்திருப்பதால் ஒரு குமட்டல் வாடை அடிக்கும். ஒருமுறை மோந்தால் மறக்காது. கிளட்ச்சுக்கு ஊற்றும் ஃப்ளூயிட் தண்ணீர் மாதிரி இருக்கும். (ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் வண்டியில் அது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும்.) சித்தப்பா வண்டியில் சொட்டியது கியர் ஆயில்தான். ஆனால் எங்கிருந்து?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்தது வழிந்து அடியில் வந்து சேரும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும். பழைய வண்டியில் அதன்மேல் பல வருட மண் வேறு. மொத்த கியர் பாக்ஸும் நனைந்திருந்தால் யாராக இருந்தாலும் 'இறக்கணும்' என்றுதான் சொல்வார்கள். பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

டீசலும் பிரஷ்ஷும் வைத்து கியர் பாக்ஸைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துக் காய வைத்தோம். அடுத்து பெரியவர் கேட்டதுதான் வேடிக்கை: முகத்துக்குப் போடும் பவுடர்! சித்தியின் டப்பா வந்தது. கியர் பாக்ஸ் முழுக்கத் தூவிவிட்டு, 25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டோம்.

பவுடர் காட்டிக்கொடுத்துவிட்டது. ஈரம் இரண்டே இடத்தில். ஒன்று, கியர் ராடு நிற்கும் மேல் மூடியின் பேக்கிங். இன்னொன்று, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பின்பக்க ஆயில் சீல். முன்னால், கிளட்ச் இருக்கும் கூடு சுத்தமாகக் காய்ந்திருந்தது. அங்கே ஈரம் இருந்து, கிளட்ச்சும் வழுக்கினால் கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. அது கியர் பாக்ஸின் முன் சீலாக இருக்கலாம், இன்ஜினின் பின் சீலாகவும் இருக்கலாம்.

ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் ஏன் கசிய வேண்டும்? பெரியவர் மேல் மூடியில் விரல் நுனி அளவு இருந்த ஒரு குமிழைக் காட்டினார். ப்ரீதர். ஓட ஓட கியர் ஆயில் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற இருக்கிற ஒரே ஓட்டை இதுதான். மண்ணும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், அழுத்தம் பலவீனமான இடமாகப் பார்த்து ஆயிலைத் தள்ளும். அடுப்பில் குக்கரின் வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சித்திக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

போதாக்குறைக்கு, ஒழுகுகிறதே என்று வாராவாரம் கிளீனர் பையன் குத்துமதிப்பாக ஊற்றியிருக்கிறான். வண்டி ஆறியதும் சமதளத்தில் நிறுத்தி லெவல் பிளக்கைக் கழற்றினால், ஆயில் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை நின்றால் போதும். குறையவும் கூடாது, வறண்டால் பேரிங்கும் பல்லும் தேய்ந்து, அப்போது நிஜமாகவே இறக்க வேண்டி வரும்.

ப்ரீதரைக் கழற்றி டீசலில் ஊற வைத்து, கம்பி விட்டு அடைப்பை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பவுடர், மறுபடி ஓட்டம். மேல் மூடி காய்ந்திருந்தது. பின் சீலில் மட்டும் ஈர வளையம் மிச்சம். ரப்பர் விறைத்துப்போயிருந்தது. ஷாஃப்ட்டை இறக்கி, ஃபிளாஞ்சைக் கழற்றினால் சீல் கைக்கு வந்துவிடும்; அரை நாள் வேலை. சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஷாஃப்ட்டின் கிராஸ் ஆடுகிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். சித்தப்பா வண்டியில் கிராஸ் ஆடியது. அதையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை முட்டை லோடு ஏற்றிக்கொண்டு பாலக்காடு போனார். இரவு வண்டியை நிறுத்தி, அடியில் அட்டையை விரித்துவிட்டுத்தான் படுத்தாராம். காலையில் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

சித்திதான் பவுடர் டப்பாவுக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.