எந்த வருஷத்துப் பப், மச்சி?

லண்டனிலிருந்தும் லெஸ்டரிலிருந்தும் நண்பர்கள் வருவார்கள். வெள்ளி ராத்திரி ரயிலில் வந்தால் ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “மச்சி, இங்க நல்ல ட்ரெடிஷனல் பப் எதுடா? பழசா, ஒரிஜினலா இருக்கணும்.” போனில் ஒரு பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

பட்டியலில் டிக்பெத்தின் ஓல்டு கிரவுன் கண்டிப்பாக உண்டு. கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், 1368ஆம் ஆண்டுப் பப் என்ற பெயர். இன்று நிற்கும் கட்டடம் அதற்கு வெகுகாலம் பின்னால் எழுந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நண்பர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வாசலில் செல்ஃபி, உள்ளே ஒரு பைண்ட், அரைமணியில் அடுத்த இடம். ஒரே நாளில் ஆறு பப். ஆறிலும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

இதைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் கட்டடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பப்பிடம் போய் வயசு கேட்கும் பார்வையோடுதான் சண்டை.

பழைய பப்புக்கு ஏங்குவதும் பழைய வியாதிதான். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் ‘தி மூன் அண்டர் வாட்டர்’ என்ற கட்டுரையில் தன் மனதுக்குப் பிடித்த பப்பை விஸ்தாரமாக வர்ணித்தார். விக்டோரியா காலத்து அலங்காரம், பேச முடிகிற அளவுக்கு அமைதி, வாடிக்கையாளர்கள் பெரும்பாலோரைப் பெயரோடு தெரிந்துவைத்திருக்கும் பணிப்பெண்கள். கடைசியில், அப்படியொரு பப்பே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். பின்னாளில் ஒரு பெரிய பப் நிறுவனம் அதே பெயரைத் தன் கடைகள் பலவற்றுக்கு வைத்தது. இல்லாத பப்புக்கு இத்தனை கிளைகள்!

அந்தக் கனவு பப்பிலும் பெண்களுக்குத் தனி அறை இருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண ஜனங்களுக்குப் பப்ளிக் பார், கொஞ்சம் வசதியானவர்களுக்கு சலூன் பார், பெண்களுக்கு வேறு. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற பெயரில் பொது இருக்கிறது. உள்ளே போனால் தடுப்புச் சுவர்.

நம்பாதவர்கள் ஆஸ்டனில் 1901இல் கட்டப்பட்ட பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸைப் பார்க்கலாம். சுவரெல்லாம் மின்டன் டைல்ஸ், அசந்துபோவீர்கள். அப்படியே கவுன்டர் மேலே பாருங்கள். முக உயரத்தில் திறந்து மூடும் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள் இருக்கும். ‘ஸ்னாப் ஸ்க்ரீன்’ என்று பெயர். துரைமார்கள் குடிப்பதை எதிர்ப்பக்கம் நிற்கும் ஏழைபாழைகள் பார்த்துவிடக் கூடாது, அதற்காக! நாம் “வாவ், விண்டேஜ்” என்று போட்டோ எடுப்பது இதைத்தான்.

வர்க்கத்தோடு நிற்கவில்லை, நிறமும் வந்தது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கின் வார்ப்பாலைகளில் உருகிய இரும்போடு மாரடித்தவர்களில் பஞ்சாபிகள் ஏராளம். ஷிப்ட் முடிந்து தாகத்தோடு போனால் பல பப்களில் அவர்களுக்கு லவுஞ்சில் இடம் கிடையாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வெள்ளை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பப் பப்பாக ஏறி, யாருக்கு ஊற்றுகிறார்கள், யாருக்கு ஊற்ற மறுக்கிறார்கள் என்று சோதித்தார்கள். 1965 பிப்ரவரியில் அவர்கள் அழைப்பின் பேரில் ஸ்மெதிக்குக்கு வந்தவர் மால்கம் எக்ஸ். ‘புளூ கேட்ஸ்’ பப்பின் ஸ்மோக் ரூமில் அவருக்குப் பரிமாற மறுத்தார்கள், பப்ளிக் பாருக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பப் போன்ற பொது இடங்களில் நிற பேதம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அந்த வருஷக் கடைசியில்தான் வந்தது. பெண்கள் கதை இன்னும் நீளம். லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் எல் வினோ மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்டரில் நின்று வாங்கிக் குடிக்க 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், “பழசா, ஒரிஜினலா” என்றால் எது? அந்த ஒரிஜினலில் என் நண்பனுக்கு நாற்காலியே இருந்திருக்காது.

பப் என்பது ஆங்கிலேயரின் திண்ணை என்று உருகி எழுதுகிறவர்கள் நம்மிலும் உண்டு. ஒருவகையில் சரிதான். திண்ணையிலும் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. அந்த ஊரிலிருந்து வந்த நாம் ஸ்னாப் ஸ்க்ரீனைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்ப பப்பே வேணாமா? வேணும். எந்த மரபைத் தேடுகிறோம் என்பதில்தான் விஷயம். நான் நண்பர்களை டிராமில் ஏற்றி வெஸ்ட் பிராம்விச்சுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கேயும் ஸ்மெதிக்கிலும் இருக்கிற பப்கள் சிலவற்றை இன்று நடத்துவது பஞ்சாபிகளும் குஜராத்திகளும்தான். ‘தேசி பப்’ என்கிறார்கள். அதே பெயர்ப்பலகை, அதே கைப்பம்பு. கூடவே அடுப்பிலிருந்து புகைய வரும் மிக்ஸ்டு கிரில். தி வைன் பப்பில் கால்பந்து நாளன்று உள்ளூர் அணியின் ரசிகர்கள் எல்லா நிறத்திலும் வந்து நெருக்கியடிப்பார்கள். ரெட் லயன் பப்பின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் குடியேறிய தெற்காசியர்களின் கதையைச் சொல்கின்றன. தேவாலயக் கண்ணாடியில் புனிதர்கள் நிற்பதுபோல இங்கே நம் ஆட்கள்.

தேசி பப்பைப் புனிதமாக்க வேண்டாம். அங்கேயும் வெகுகாலம் ஆண்கள் ராஜ்ஜியம்தான். ஆனால் ஆளில்லாமல் மூடிக்கிடக்க வேண்டிய பல பப்களில் விளக்கு எரிவது, ஒருகாலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளால். மரபைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். பலகையில் வருஷம் எழுதுவது அல்ல.

அதனால் வாரயிறுதிக்கு எந்த ஊருக்குப் போனாலும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஆறு பப் வேண்டாம், ரெண்டு போதும். சனி ராத்திரியை விட்டுவிட்டு ஞாயிறு மத்தியானம் போங்கள். கைப்பம்பு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பீப்பாயில் கிடக்கும் ஏல் உயிருள்ள சரக்கு. திறந்தால் மூன்று நாளைக்குள் தீர வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். ஆள் வராத கடையின் பத்து பம்பைவிடக் கூட்டமுள்ள கடையின் மூன்று பம்பு மேல். கவுன்டரில் உங்கள் முறை வரும்வரை நில்லுங்கள், காசை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். அடுத்தது யார் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியும். அரை பைண்ட் போதும். குடிக்காதவர்கள் லெமனேடு வாங்கினாலும் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். ஊற்றுகிறவரிடம், “உங்களுக்கு லீவு நாள்ல நீங்க எங்க போவீங்க?” என்று கேளுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர் ஒன்று வரும்.

அங்கே போய் உட்கார்ந்ததும் சுற்றிப் பாருங்கள். கிழவர் இருக்கிறாரா? தனியாக வந்த பெண் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாளா? நம்ம நிறத்தில் யாராவது? மூன்றுக்கும் ஆமென்றால் அது நல்ல பப்.

போன மாதம் வந்தவன் ரெட் லயனில் உட்கார்ந்து நான் தட்டைக் காலிசெய்யும்வரை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், “இது எந்த வருஷத்துப் பப் மச்சி?”

“நம்மள உள்ள விட்ட வருஷத்துப் பப்டா” என்றேன்.