பொதுக்குளமும் சுத்த அறையும்

'எல்லோருக்கும் திறந்திருக்கிறது' என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் நமக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஊர்ப் பொதுக்கிணறும் எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. டீக்கடை பெஞ்சும் அப்படித்தான். இப்போது அந்த வாசகம் தொங்குகிற இடம் நானோ எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக் கூடம். "சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல நானோ என்னப்பா நானோ" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் சுடுகாட்டுப் பாதைக்காக மறியலில் உட்கார்ந்தவரின் மகள் இன்று எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அவள் அடுத்து எங்கே போவாள் என்பதும் நம் அரசியல்தான்.

விஷயத்துக்கு வருவோம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவில் சிலிக்கான் தகட்டின் மேல் கோடு இழுக்கணும், படலம் பூசணும், குழி பறிக்கணும். எலக்ட்ரான் கற்றையால் கோடு வரைகிற எந்திரம் ஒன்றுக்கே பல கோடி ரூபாய் ஆகும். அதை வைக்கிற அறையைக் கட்டுவதும், இரவு பகலாகக் காற்றை வடிகட்டிக்கொண்டே இருப்பதும் தனிச் செலவு. ஒரு கல்லூரியால் இது ஆகாது. அதனால்தான் பொதுப் பணத்தில் சில இடங்களில் கூடத்தைக் கட்டி, வெளியாட்களும் வந்து வேலை செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. இங்கே 2006இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் மத்திய அரசு பணம் போட்டு நானோ எலக்ட்ரானிக்ஸ் மையங்களைத் தொடங்கியது. 2008இல் 'இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்' வந்தது. எந்த ஊர்க் கல்லூரி ஆராய்ச்சி மாணவரும் விண்ணப்பிக்கலாம், பயிற்சி தருவார்கள், முன்மொழிவு தேறினால் கருவிச் செலவைத் திட்டமே சுமக்கும். 2021க்குப் பிறகு சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐ.ஐ.டி.களும் சேர்ந்து ஆறு இடமாக விரிந்திருக்கிறது.

திட்டம் நல்ல திட்டம். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கேள்வி, நுழைகிறவர் யார் என்பது.

அந்த அறைக்கு க்ளீன் ரூம் என்று பெயர். சுத்த அறை. பெயரைக் கேட்டதுமே நமக்கு உறுத்தும். ஆனால் உள்ளே இருக்கிற சுத்தம் வேறு. 'கிளாஸ் 100' அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசுத் துகள் நூறைத் தாண்டக் கூடாது. அங்கே பெரிய அசுத்தமே மனுச உடம்புதான். தோல் செதில் உதிருது, முடி உதிருது, மூச்சுக்கூடத் தூசுதான். பேராசிரியர் உடம்பிலிருந்தும் உதிருது, கக்கூஸ் கழுவுறவர் உடம்பிலிருந்தும் உதிருது. அதனால் எல்லோரும் தலைமுதல் கால்வரை ஒரே மாதிரி அங்கி போட்டுக்கொண்டுதான் நுழையணும். கண் மட்டும்தான் தெரியும். பூணூல் தெரியாது. பிறப்பால் யாரும் சுத்தமில்லை என்று விதி எழுதி வைத்திருக்கிற இடம் இந்த நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும்! மனுவைக் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை காட்டலாம்.

சாதி அந்த அறைக்குள் வேலை செய்வதைவிட அதன் வாசலுக்கு வெளியே, வராந்தாவில், பல வருஷம் முன்னாலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற முதல் தலைமுறை மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்மொழிவு எழுதணும். எந்தப் படலம், எத்தனை நானோமீட்டர், எந்த எந்திரத்தில், எந்த வரிசையில் என்று படிப்படியாகச் சொல்லணும். அந்த எந்திரங்களை அவளும் பார்த்ததில்லை, அவள் நெறியாளரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் ஐ.ஐ.டி. வலைப்பின்னலில் இருக்கிறார்கள், கூடப் படித்தவர், மாணவராக இருந்தவர், மச்சான், மாமா. ஒரு போன் போட்டால் 'இந்த மாதிரி எழுதுப்பா' என்று சொல்ல ஆள் உண்டு. நம் மாணவிக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது. எழுதிவிட்டாலும் நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர் என்று கையெழுத்துக்கு அலையணும். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம், சீக்கிரம் தீசிஸ முடிக்கிற வழியப் பாரு" என்று அக்கறையாகவே மறுப்பார்கள். சண்டை போடவும் முடியாது.

அதையும் தாண்டி இடம் கிடைத்து பெங்களூர் போய்ச் சேர்ந்தால் வேறொரு கதை. நானோ வேலை ஒரே தடவையில் வராது. ஒளியில் மாறுகிற பூச்சு ஒட்டாது. உலோகப் படலம் உரிந்து வரும். ஒரு படியில் பிசகினால் மறுபடி முதல் படியிலிருந்து. அந்த வளாகத்திலேயே இருக்கிற மாணவர் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போய் இன்னொரு தகடு போட்டுப் பார்ப்பார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஒதுக்கின நாள் முடிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இன்னும் ஒன்று. எந்திரத்தின் கையேட்டில் எல்லாம் இருக்காது. எத்தனை விநாடி, எந்தச் சூடு, போன வாரம் எந்திரம் எப்படி மக்கர் பண்ணியது, இதெல்லாம் கைப்பக்குவம். சீனியர் ஜூனியருக்கு டீக்கடையில் சொல்கிற சங்கதி. அந்த டீக்கடை வட்டத்தில் யார் உட்கார்கிறார்கள்? 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் பிஎச்.டி.க்குச் சேர்த்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. சட்டப்படி வர வேண்டியது 15, 7.5. ஆசிரியர் பக்கம் போனால் 2019இல் வந்த ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டமே சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பட்டியல் போட்டு விலக்குக் கொடுத்துவிட்டது. நானோ ஆராய்ச்சிக்குப் பேர்போன பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையமும், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மகாத் குளத்தை நினைத்துப் பாருங்கள். பொதுப் பணத்தில் நடக்கிற குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923இல். மகாத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்தாயிற்று. ஒருத்தரும் தண்ணி எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அள்ளிக் குடித்த பிறகு என்ன நடந்தது? அடி விழுந்தது. குளத்தில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாகக் கொட்டித் தீட்டுக் கழித்தார்கள். உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது. தீர்மானத்துக்கும் தண்ணிக்கும் நடுவே பதினான்கு வருஷம். ஆராய்ச்சிக் கூடத்தில் யாரும் தடியோடு நிற்கப் போவதில்லை. அங்கே ஒரு படிவம் போதும்.

'விலை உயர்ந்த எந்திரம், தெரியாதவங்க கைபட்டா கெட்டுப்போயிடும், இதிலுமா இடஒதுக்கீடு' என்று தகுதி திறமைக்காரர்கள் கிளம்புவார்கள். எந்த அய்யர் வீட்டுக் கொல்லையில் எலக்ட்ரான் கற்றை எந்திரம் நின்றது? எந்தக் குழந்தை அதைப் பார்த்து வளர்ந்தது? அங்கே போகிற எல்லோருமே தெரியாதவர்களாகத்தான் போகிறார்கள். பயிற்சி கொடுத்த பிறகுதான் தொட விடுகிறார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்புவரை அரிக்கும். அது கோத்திரம் பார்ப்பதில்லை. (அந்தக் கழிவு அமிலக் கேனைத் தூக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்த மொழியில் பயிற்சி கொடுத்தார்கள் என்றும் ஒருநாள் கேட்க வேண்டும்.)

அமெரிக்காக்காரன் செய்ததை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977இல் இப்படியொரு தேசியக் கூடத்தைத் தொடங்கினார்கள். 1994இல் அதை ஐந்து இடங்களின் வலைப்பின்னலாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு உண்டு, பென் ஸ்டேட் உண்டு, சான்டா பார்பரா உண்டு. ஐந்தாவது இடம் ஹோவர்டு. அடிமை முறை ஒழிந்த கையோடு 1867இல் தொடங்கிய கறுப்பர்களின் பல்கலைக்கழகம். அங்கே நிறவெறி ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. நமக்குத் தெரியும் அந்த லட்சணம். ஆனால் கறுப்பின மாணவரை 'எங்க வீட்டுக்கு வாங்க' என்று அழைப்பது வேறு, எந்திரத்தைக் கொண்டுபோய் அவர்கள் வளாகத்திலேயே நிறுத்துவது வேறு. சாவி அவர்கள் கையிலும் ஒன்று இருந்தது. நம் ஆறு இடங்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். ஒரு அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி. குவாஹாட்டியைச் சேர்த்தது நல்லது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம்கூட இல்லை. நம் பிள்ளைகள் பெருமளவு படிப்பது அங்கேதானே?

இப்போது ஏன் இந்த அவசரம்? 2021 டிசம்பரில் குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. 2024 மார்ச்சில் குஜராத் தோலேராவில் டாடாவின் சிப் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பொதுப் பணம் தனியார் கைக்குப் போகிறது. அங்கே இடஒதுக்கீடு கிடையாது. வேலைக்கு எடுக்கும்போது 'சுத்த அறையில் வேலை பார்த்திருக்கிறாயா, எந்த எந்திரம் தெரியும்' என்றுதான் கேட்பான். இன்றைக்கு உள்ளே போகாதவருக்கு நாளைக்குச் சொல்லப் பதில் இருக்காது. தகுதியில்லை என்று எழுதிவிடுவான்.

பயிற்சி இடங்களிலும் முன்மொழிவுத் தேர்விலும் இடஒதுக்கீடு வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்தில்லாமல் மாணவர் நேரே விண்ணப்பிக்க வழி வேண்டும். முன்மொழிவு எழுதவே உதவி செய்கிற ஆளை ஒவ்வொரு மையமும் போட வேண்டும். திரும்பத் திரும்ப வந்துபோகப் படியும் தங்க இடமும் கொடுக்க வேண்டும். ஏழாவது கூடம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வர வேண்டும். இதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் நம் கையில் கணக்கு வேண்டும். அமெரிக்க வலைப்பின்னல் தன் ஆண்டறிக்கைகளில் உள்ளூர்ப் பயனர் எத்தனை, வெளிப் பயனர் எத்தனை என்று பிரித்து எண்ணியது. இங்கே அதற்கு மேலே ஒரு படி எண்ணச் சொல்வோம்.

மாணவத் தோழர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆறு நிறுவனங்களுக்கும் ஆளுக்கொரு மனு. 2008இலிருந்து (பிறகு சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த ஆண்டிலிருந்து) இந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தவர்கள், தேர்வானவர்கள், நிராகரிக்கப்பட்டவர்கள்: ஆண்டுவாரியாக, கல்லூரி வகைவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக. நிராகரித்ததற்குக் காரணம் எழுதித் தந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 'சமூகப் பிரிவு பதிவு செய்யப்படுவதில்லை' என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், நமக்கு அதுவும் வேண்டும். ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய், ஆறுக்கும் அறுபது.