வண்டிக்குக் கூட்டு வட்டி, ஆளுக்குத் தனி வட்டி

பெரியம்மா காலில் கம்பி வைத்து மூன்று வருஷமாகிறது. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏற ரோட்டைக் கடந்தபோது ஒரு பைக் அடித்தது. திருவேங்கடம் பக்கம் எங்கள் காலனி கிடக்கிற கிடப்பு புதிதல்ல: ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், பஸ் நிற்கிற இடம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். எந்த இன்ஜினியரும் போட்ட பிளான் இல்லை இது, சாதி போட்ட பிளான். நடுவில் கிடந்த வண்டிப்பாதை தார் ரோடாகி, அகலமாகி, இன்றைக்கு அதைத் தாண்டாமல் எங்களுக்கு ஒரு படி அரிசி கிடையாது.

வெள்ளைக்கோடு போடுங்கள் என்று மனு எழுதினேன். வங்கிக் குமாஸ்தா, போதாததற்குக் கவிஞன். மனு நன்றாகவே இருந்தது. வாங்கிப் படித்த அதிகாரி சொன்னார்: "இங்க கிராஸ் பண்ற ஆளு கம்மி தம்பி. அதுக்கு நார்ம்ஸ் இருக்குல்ல."

நார்ம்ஸைத் தேடிப் படித்தேன். இந்தியச் சாலைப் பேரவை 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103. சந்திப்பு இல்லாத இடத்தில் கடக்க வசதி வேண்டுமென்றால், நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையால் ஒருதரம் பெருக்கு, மறுபடியும் பெருக்கு. நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில் விடை 10 கோடியைத் தாண்ட வேண்டும். தடுப்பு இருந்தால் 20 கோடி.

வட்டிக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவனுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். ஆள் இரட்டித்தால் விடை இரட்டிக்கும். வண்டி இரட்டித்தால் நாலு மடங்கு. வண்டிக்குக் கூட்டு வட்டி, மனுசனுக்குத் தனி வட்டி. மணிக்கு 1,000 வண்டி ஓடுகிற கடைவீதியில் 100 பேர் கடந்தால் எல்லையைத் தொடலாம். 500 வண்டி ஓடுகிற எங்களைப் போன்ற ரோட்டில் 400 பேர் கடக்கணும். காலனியில கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் தேறுமா? வண்டி பெருகினால் ஆபத்து பெருகும், அதற்குத்தான் அந்தப் பெருக்கல் என்பார்கள். சரி. ரோடு காலியாகக் கிடந்தால்தானே பைக்காரன் பறக்கிறான்?

அதே ஏட்டில் வேறு வழிகளும் உண்டு. வேகத்தை அளக்கலாம், காத்திருக்கும் நேரத்தை அளக்கலாம். அளக்க வந்தவன் யார்? இன்னொன்று, வருஷத்தில் 5 பேரோ அதற்கு மேலோ அடிபட்டிருக்க வேண்டும். பெரியம்மா ஒருத்தி. இன்னும் நாலு பேர் வேணுமாம்.

இதைவிடக் கொடுமை, கணக்கில் வருவது கடந்தவர்கள் மட்டும். பயந்து நின்றவர்கள் வரமாட்டார்கள். இருட்டினால் அந்தப் பக்கம் போகாத கிழவி, பிள்ளையைத் தனியே அனுப்பப் பயந்து வேலைக்குப் பிந்திப்போகிற தாய், இவர்களெல்லாம் 'ஆளு கம்மி'. கடக்க முடியாமல் வைத்துவிட்டு, கடப்பவர் இல்லை என்று எழுதுகிறார்கள். கோயில் தெருவுக்குள் நம்மை விடாமல் வைத்துவிட்டு, இவர்கள் கோயிலுக்கே வருவதில்லை என்று சொன்ன வாய்தானே!

பொதுச்சாலை எல்லாருக்கும் பொது என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அது சாலையோடு நடக்கிற உரிமை. குறுக்கே நடக்கிற உரிமை இன்னும் பாக்கி. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. காலனியிலிருந்து கடந்தவர் எத்தனை பேர் என்ற பத்தி அதில் இல்லை. கோவை மருத்துவர் ஒருவர் 2012இல் போட்ட வழக்கில், நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் தணிக்கை செய்யச் சொன்னது 10 லட்சத்துக்குமேல் ஜனம் உள்ள 50 நகரங்களின் நடைபாதைகளை. திருவேங்கடம் பேரூராட்சி அந்தப் பட்டியலில் எங்கே வரப்போகிறது?

மறியல் செய்தால் வேகத்தடை வரும், அதுவும் பிணம் விழுந்த பிறகு. பிணம் விழுமுன்னே கேட்போம்: காலனிப் பாதை ரோட்டைத் தொடுகிற இடமெல்லாம், தலை எண்ணாமல், கடக்கும் இடமாக வேண்டும்.

மாணவத் தோழர்களே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை 5 மணிக்கு உங்கள் காலனி முக்கில் உட்காருங்கள். கடந்தவர்கள் ஒரு பத்தி, திரும்பிப் போனவர்கள் ஒரு பத்தி, நின்ற நிமிஷம் ஒரு பத்தி. எங்கள் முக்கில் திங்கட்கிழமை தொடங்குகிறோம். வங்கிக்குக் கிளம்பும்வரை, ஒன்பது மணிவரை, நான் அங்கேதான் இருப்பேன்.