அணைத்துப் பார்க்கக்கூடிய கருவி

முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன பிறகும், இடுப்பிலிருந்து பாதம் வரை சுண்டி இழுக்கும் வலி சிலரை விடுவதில்லை. மாத்திரை, ஊசி, பிசியோதெரபி என்று எல்லாம் பார்த்து ஓய்ந்துபோனவர்களுக்குக் கடைசியாகச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று தண்டுவடத் தூண்டல் கருவி. தண்டுவட உறைக்கு வெளிப்புறமாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, மறுமுனையை இடுப்புக்கு அருகே தோலுக்கடியில் புதைத்த பேட்டரியோடு இணைக்கிறார்கள். அதிலிருந்து வரும் மின்துடிப்பு, வலி மூளைக்கு எட்டாமல் மறிக்கும் என்பது எதிர்பார்ப்பு. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருக்கும் இந்தக் கருவியில் ஓடும் மின்சாரம்தான் வலியைக் குறைக்கிறதா என்று நேராகக் கேட்ட ஆய்வுகளோ மிகச் சில. இத்தனைக்கும் அதைச் சோதிப்பது கடினமல்ல. செயற்கை மூட்டைப் பொருத்திய பிறகு அது இல்லாததுபோல் பாவிக்க முடியாது. ஆனால் இந்தக் கருவியை உடலுக்குள் இருக்கும்போதே அணைத்துவிடலாம். அப்படி அணைத்துப் பார்த்துத் தேறாத கருவியை வழக்கமான சிகிச்சையாக விற்கக் கூடாது என்பதே என் நிலை.

இந்தச் சோதனை இத்தனை காலம் நடக்காததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் வலியை உள்ளே விடவும் தடுக்கவும் கூடிய ஒரு வாயில் இருக்கிறது. தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால் அது மூடிக்கொள்ளும். இதை நம்பி 1967-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, புற்றுநோய் வலியால் துடித்த ஒருவருக்கு முதல் கருவியைப் பொருத்தினார். அதன்பின் வந்த கருவிகளெல்லாம், வலிக்கும் இடத்தில் ஒரு குறுகுறுப்பை உண்டாக்குபவை. குறுகுறுப்பு இருந்தால் கருவி ஓடுகிறது, இல்லாவிட்டால் ஓடவில்லை என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும். அப்புறம் எதை மறைத்துச் சோதிப்பது? ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விநாடிக்கு 10,000 துடிப்பு, கொத்துக் கொத்தான துடிப்பு என்று, நோயாளி எதையுமே உணராத முறைகள் வந்துவிட்டன. அதோடு அந்தத் தடையும் விலகிவிட்டது.

கருவிக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, 100 நோயாளிகளை வைத்து நடந்து 2007-ல் வெளியான 'புராசஸ்' ஆய்வு. ஆறு மாதத்தில் கால்வலி பாதியாவது குறைந்தவர்கள், கருவி பொருத்தியவர்களில் 48 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஒப்பிடப்பட்ட இரு தரப்பையும் பார்க்க வேண்டும். ஒரு தரப்புக்குப் புதிய கருவி, அறுவைச் சிகிச்சை, கூடுதல் கவனிப்பு, இனியாவது விடிவு வரும் என்ற நம்பிக்கை. மறு தரப்புக்கோ, ஏற்கெனவே பலன் தராத அதே சிகிச்சையின் தொடர்ச்சி. யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரியும். அறுவைச் சிகிச்சை என்ற நிகழ்வுக்கே வலியைக் குறைக்கும் வல்லமை உண்டு என்பதை ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் புரூஸ் மோஸ்லி 2002-ல் காட்டினார். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்கு முழங்காலில் தோலை மட்டும் கீறித் தைத்தார். உண்மையாகவே மூட்டுக்குள் கருவி விட்டுச் சுத்தம் செய்யப்பட்டவர்கள் அவர்களைவிட மேலாகத் தேறவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் நடந்து, 2022-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் படிக்க வேண்டும். முதுகு அறுவைக்குப் பிறகும் கால்வலி தீராத 50 பேர். இரண்டு வாரம் முன்னோட்டம் பார்த்து, பலன் தெரிந்த பிறகே இவர்களுக்குக் கருவி பொருத்தப்பட்டது. பிறகு மூன்று மாதம் வீதம் நான்கு கட்டங்கள். அவற்றில் இரண்டில் மின்சாரம் ஓடியது, இரண்டில் ஓடவில்லை. எந்தக் கட்டத்தில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. உட்கார, நிற்க, நடக்க, தூங்க, எடை தூக்க எவ்வளவு சிரமம் என்று கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில், தொடக்கத்தில் அவர்களின் சராசரி 44.7. மின்சாரம் ஓடிய கட்டங்களில் அது 10.6 புள்ளி குறைந்தது. ஓடாத கட்டங்களில் 9.3 புள்ளி குறைந்தது. இடைவெளி வெறும் 1.3, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு. இதில் 9.3 என்ற எண்தான் முக்கியம். கருவி உறங்கிக் கிடந்த மாதங்களிலும் இவர்கள் உண்மையாகவே தேறியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி மனப்பிரமையும் அல்ல. அந்தத் தேறுதலுக்குக் காரணம் மின்சாரம் என்று சொல்லத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வைக் குறை சொல்பவர்கள் வைக்கும் வாதங்களில் சத்து உண்டு. நிறுவனங்கள் பரிந்துரைக்கும் துடிப்பு வடிவம் அப்படியே பயன்படுத்தப்படவில்லை. ஒரு கட்டத்தின் பலன் அடுத்த கட்டத்துக்கும் நீண்டிருக்கலாம். 50 பேர் சிறிய எண்ணிக்கை. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை மூன்றும் இன்னும் பெரிதாக, இன்னும் சரியாக ஒரு சோதனை நடத்த வேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, சோதனை இல்லாமல் விற்பனையைத் தொடர்வதற்கான காரணங்கள் அல்ல. முதுகுவலிக்கான 13 ஆய்வுகளை, மொத்தம் 699 பேரை, 2023-ல் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவும், ஆய்வுக்கு வெளியே இந்தக் கருவியைப் பயன்படுத்த இருக்கும் தரவுகள் இடம் கொடுக்கவில்லை என்றே முடித்தது. தனக்குப் பிடித்த துடிப்பு வடிவம் வேலை செய்யும் என்று நம்பும் நிறுவனம், அந்த வடிவத்தையே வைத்து அணைத்துப் பார்க்கட்டும்.

'நோயாளி நன்றாக இருக்கிறேன் என்கிறார், அது போதாதா?' என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. மருந்தில்லாத வெற்று மாத்திரையாக இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம். இது தண்டுவடத்தை ஒட்டி வைக்கப்படும் பொருள். கம்பி நகரும், முறியும், கிருமி தொற்றும், அரிதாக நரம்பே சேதமாகும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், நான்கு ஆண்டுகளில் இந்தக் கருவிகள் பற்றி 1,07,728 புகார் அறிக்கைகள் வந்ததாகச் சொன்னது. அறிக்கை வந்ததாலேயே குற்றம் கருவியுடையது என்று ஆகிவிடாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணா இது? ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளிலிருந்து நோயாளியை மீட்கும் என்ற வாதமும் தளர்ந்துவிட்டது. காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு, கருவி பொருத்திய 1,260 பேரைப் பொருத்தாதவர்களோடு ஒப்பிட்டு 2023-ல் ஜாமா நியூராலஜி வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் ஆண்டில் ஓபியாய்டு பயன்பாடு குறையவில்லை. பொருத்தியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் கருவியை மாற்றவோ எடுக்கவோ நேர்ந்தது.

வேறு வழியே இல்லாதவரிடமிருந்து கடைசி நம்பிக்கையையும் பறிக்கலாமா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. நாள்பட்ட வலி மனிதரின் வேலையை, தூக்கத்தை, உறவை அரித்துவிடும். கருவியைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. நீரிழிவு நரம்பு வலி போன்ற சிலவற்றில் முடிவு வேறாக வரவும் கூடும். பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் ஆய்வின் கீழோ பதிவேட்டின் கீழோ பொருத்தப்படட்டும். நோயாளியின் ஒப்புதலோடு, அவருக்கும் அவரை மதிப்பிடுபவருக்கும் தெரியாத சில மாதங்களில் அது அணைந்திருக்கட்டும். அந்த மாதங்களில் வலி திரும்பினால் கருவி தன் தகுதியை அவருடைய உடம்பிலேயே நிரூபித்துவிட்டது. திரும்பாவிட்டால், பேட்டரி தீரும்போது மீண்டும் ஒரு அறுவைக்குப் படுக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்யலாம். சென்னை உள்ளிட்ட நம் நகரங்களின் தனியார் மருத்துவமனைகளிலும் இந்தக் கருவி பல லட்சம் ரூபாய்க்குப் பொருத்தப்படுகிறது. மருத்துவக் கருவிகளின் பாதகங்களைப் பதிவு செய்யும் திட்டம் 2015 முதல் இந்தியாவில் இருக்கிறது. ஆனால் பாதகத்தை மட்டும் எண்ணினால் பலன் தெரியாது. பணத்தைக் கட்டிவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிற நோயாளிக்கு, டிரான்ட்ஹெய்மின் அந்த இரண்டு எண்களையும் அவருக்குப் புரிகிற தமிழில் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுக் கொடுக்க எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.