நல்ல பல் மருத்துவர் யார்?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. சொல்லைக் கற்றுத்தரும் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று நான்கு பேரிடம் விசாரித்த பின்பே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஆதாரமான பல்லை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது மட்டும் நாம் எதையும் விசாரிப்பதில்லை. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்த பின்தான் விலை பேசுவார். தம் வாயைப் பிளந்து உட்காரும்போதோ, எதிரே கருவியுடன் நிற்பவர் யார், எவர் என்று கேட்கவே கூசுவார். இந்தக் கூச்சம் நமக்கு ஆகாது என்பதே என் கருத்து.

நம் ஊர்ப்பக்கம் ஒரு பல் மருத்துவரைப் புகழ வேண்டுமானால், "அவர் கைராசிக்காரர், பிடுங்கினதே தெரியலை" என்பார்கள். பிடுங்கியது தெரியாமல் போனதற்கு முதற்காரணம் லிக்னோகெய்ன் என்னும் மருந்து. அதை மெல்லச் செலுத்தி, உதடும் ஈறும் மரத்துப் போகும்வரை சில நிமிடம் பொறுத்திருக்கும் எவரிடமும் வலி பெரிதாகத் தெரியாது. அந்தப் பொறுமையும் ஒரு திறமைதான், நான் மறுக்கவில்லை. ஆயினும் பிடுங்கும் திறமையைக் கொண்டு பல் மருத்துவரை அளப்பது, மரம் வெட்டும் வேகத்தைக் கொண்டு தோட்டக்காரரை அளப்பதை ஒக்கும்.

பல்லின் மேலுறையாகிய எனாமலில் நரம்பு கிடையாது. எனவே சொத்தை அங்கே இருக்கும்வரை வலியே இராது. வெறும் வெண்புள்ளியாக இருக்கும்போதே கண்டுவிட்டால், ஃப்ளோரைடு பூசியே பெரும்பாலும் அதை நிறுத்திவிடலாம். அடுத்த அடுக்கைத் தொட்டதும் இனிப்பும் குளிர்ந்த நீரும் கூசும். அப்போது அடைத்தால் போதும். உள்ளிருக்கும் நரம்புக் கூழை எட்டிய பின்தான் இரவெல்லாம் உறங்கவிடாத வலி வரும். அந்நிலையிலும் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வழியுண்டு. நம்முடைய பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்னென்ன வழிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் சொல்லிவிட்டுக் கருவியை எடுப்பவரே நல்லவர். நான்காவதைச் சொல்பவர்கள் குறைவு.

பல்வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் நோய் மேல்பல்லில் வலிப்பதுபோல் தோன்றும்; காதில் வலிப்பதுபோலவும் தோன்றும். கன்னத்து எலும்பின் உள்ளே சளி கட்டிக்கொண்டால் மேல்வரிசைப் பற்கள் வலிக்கும். மாரடைப்பின் வலிகூடச் சிலருக்குக் கீழ்த்தாடையில் தெரிவதுண்டு. ஆதலால், நோயாளி விரல் காட்டிய பல்லை அப்படியே பிடுங்குகிறவரிடம் எனக்கு அச்சம் உண்டு. தட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி வைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க வேண்டும்.

என் பெரியம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, ஐந்து பற்களுக்கு வேர்ச் சிகிச்சையும் மேலே ஐந்து 'கேப்'பும் வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரேயைக் கண்ணில் காட்டவில்லை. அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்கள். அந்தத் தள்ளுபடிதான் பெரியம்மாவைச் சந்தேகப்பட வைத்தது. ஆடி மாதத்துச் சேலைக்கு மட்டுமே தள்ளுபடி என்பது அவர் கொள்கை! பின்னர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம்பெண் மருத்துவர் முதலில் கேட்டது, "சர்க்கரை இருக்காம்மா? என்ன மாத்திரை போடறீங்க?" என்பதுதான். பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இந்தக் கறுப்பு நரம்பைத் தொட்டிருச்சு, இதுக்கு மட்டும் வேர் வைத்தியம் வேணும். இந்த ரெண்டும் அடைச்சாப் போதும். மீதி ரெண்டும் சொத்தையே இல்லம்மா, வெறும் கறை. நீங்க சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சீங்க?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது அவ்வெல்லையைத் தாண்டிய நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கன்று, பல்லோடு பிறந்தது. எத்தனை முறை 'கிளீனிங்' செய்தாலும் போகாது. இதை அறியாதவர் அதைச் சொத்தை என்று குடைவார். அறிந்தும் குடைபவரைப் பற்றி என்ன சொல்ல! ஊரையும் தண்ணீரையும் கேட்கிற மருத்துவருக்கு நோயாளி வெறும் வாயன்று, ஓர் ஆள் என்பது தெரிந்திருக்கிறது.

ஒரே வாய்க்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்வது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழுக்காக வில்லியம் எக்கன்பார்கர் என்னும் செய்தியாளர் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் தம் வாயைக் காட்டினார். சிகிச்சைக்கு அவர்கள் கூறிய செலவு 500 டாலருக்கும் கீழே தொடங்கி 30,000 டாலரை நெருங்கியது. எல்லாரும் பொய்யர்கள் என்று நான் கூறமாட்டேன். சந்தேகத்துக்கிடமான பல்லை ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பவரும் உண்டு. உடனே குடைபவரும் உண்டு. ஆனால் செலவு பெரியது என்றால் இன்னொருவரிடமும் காட்டுவது நம் உரிமை. "தாராளமாகக் காட்டுங்கள்" என்று எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து அனுப்புகிறவரிடமே திரும்பி வரலாம் என்பது என் கணிப்பு.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டு திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவ நிலையத்தோடு தொடர்புடைய மூளைத் தொற்றால் எட்டுப் பேர் இறந்தனர். பல்லுக்கு மருந்து தேடிப் போனவர்கள் அவர்கள்! வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் பிறரும் இதன் காரணத்தைத் துருவி ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டனர். மண்ணிலும் நீரிலும் வாழும் 'பர்க்கோல்டேரியா சூடோமல்லை' என்ற கிருமி அது. வாயைக் கழுவும் சலைன் பாட்டிலைத் தூய்மை செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்திருந்து, அதையே மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு பாட்டிலின் விலை என்ன, போன உயிர்களின் விலை என்ன?

ஆகவே நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் சுவரில் தொங்கும் சான்றிதழைவிட மருத்துவரின் கையைத்தான் பார்ப்பேன். கையுறை புதியதா, முந்தைய நோயாளிக்குப் போட்டதா? கருவிகள் ஒட்டிய உறைக்குள்ளிருந்து வெளிவருகின்றனவா, தட்டில் ஏற்கெனவே கிடக்கின்றனவா? வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். போதாது. கொதிநீரின் வெப்பம் 100 டிகிரி. சில கிருமிகளின் வித்துகள் அதைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். 'ஆட்டோகிளேவ்' என்னும் கலத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில், குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவமேதான். இதைச் செய்யாத இடத்தில் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் இரத்தத்துக்குப் போக இடமுண்டு.

பட்டத்தைப் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். அது தொடக்கம் மட்டுமே. 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டமின்றியே ஐந்தாண்டுகளுக்கு மேல் தொழில் செய்து வந்தவர்களையும் தனிப் பிரிவாகப் பதிவு செய்துகொண்டார்கள். அந்தத் தலைமுறை போய்விட்டது. இன்று பி.டி.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் இல்லாமல் பல்லில் கைவைப்பவர் போலி என்பதில் ஐயமில்லை.

நம் மாணவ நண்பர்களுக்கென்று ஒன்று. பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஞானப்பல் முளைக்கும். இடம் போதாமல் சாய்ந்து முளைத்து, ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் தேர்வுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக, தொல்லை தராத ஞானப்பல்லையும் "எதற்கும் எடுத்துவிடுவோம்" என்பவரிடம் காரணம் கேளுங்கள். நோயில்லாத, புதைந்த ஞானப்பற்களை எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டே அரசு சார்ந்த நிறுவனம் வழிகாட்டுதல் தந்துவிட்டது.

"இதெல்லாம் நகரத்துப் பணக்காரர் பேச்சு, சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் ஏழை எதைக் கேட்பது?" என்பார்கள். ஒரு காலை வேளையில் அத்தனை பேரைப் பார்க்கும் அரசு மருத்துவருக்கு ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்ல நேரமில்லை என்பதும் மெய். ஆனால் "அம்மா, இந்தக் கருவி புதுசாப் பிரிச்சதுங்களா?" என்று கேட்கக் கால் நிமிடம் போதும், காசும் வேண்டாம். பெரியம்மாவோடு நான்கு முறை போனேன். நான்கு முறையும் கேட்டேன். உதவியாளர்தான் முணுமுணுத்தார். மருத்துவர் அம்மா ஒன்றும் சொல்லாமல், உறையை எங்கள் கண்ணெதிரே கிழித்துத் தட்டில் வைத்தார். நான்காம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் அந்த உதவியாளரே உறையைத் தூக்கிக் காட்டினார்.